டியூலிப்புக்குக் கடன் வேண்டாம், தொட்டிக்கு ஏற்ற கிழங்குகள் அருகிலேயே இருக்கின்றன

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கைப்பேசியில் விளம்பரம் பார்த்து 20 டியூலிப் கிழங்குகள் வரவழைத்திருக்கிறார். டிசம்பர் கடைசியில் வந்து சேர்ந்தவற்றில் பத்தை உடனே தொட்டிகளில் நட்டார். ஆறு அழுகிவிட்டன. நான்கில் இலை மட்டும் வந்தது, பூ இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டு மீதிப் பத்தைப் பொங்கலுக்குப் பிறகு ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்திருக்கிறார். கடிதத்தின் கடைசி வரிதான் முக்கியமானது: "பூத்த தொட்டியாக விற்றால் நல்ல விலை போகும் என்கிறார்கள். இன்னும் 200 கிழங்கு வாங்க மகளிர் குழுவில் கடன் கேட்டிருக்கிறேன். வாங்கலாமா?"

வாங்கக் கூடாது. கடன் கைக்கு வருவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. அவருடைய கைப்பக்குவத்தில் குறை இருப்பதாக நினைக்க வேண்டியதில்லை. அந்தக் கிழங்கு கேட்கும் குளிர் பாலக்கோட்டில் கிடையாது, அவ்வளவுதான்.

பூக்கும் கிழங்கு என்பது ஒரு குதிர் மாதிரி. போன பருவத்தில் இலை சமைத்த உணவை மாவாகச் சேர்த்து வைத்திருக்கும். டியூலிப்பில் பூமொட்டும் கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடும். ஆனால் அந்த மொட்டு தண்டோடு நீண்டு வெளியே வர வேண்டுமானால், 12 முதல் 16 வாரம் 2 முதல் 9 டிகிரி செல்சியஸ் குளிரில் கிழங்கு கிடக்க வேண்டும். அப்போதுதான் சேர்த்து வைத்த மாவு சர்க்கரையாக மாறித் தண்டை நீட்டும். குளிர் போதவில்லை என்றால் இலை வரும், மொட்டு உள்ளேயே கருகிப்போகும். பெல்லாரி வெங்காயம் பயிரிடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. இரவுக் குளிர் நீடித்தால்தான் வெங்காயம் தண்டு விட்டுப் பூக்கும். டியூலிப்புக்கு அதைவிடப் பல மடங்கு குளிர் தேவை.

ஸ்ரீநகரில் 2007-இல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி நினைவு டியூலிப் தோட்டத்தில் இலையுதிர் காலத்தில் கிழங்கை நடுகிறார்கள். பனிக்காலம் முழுவதும் அது மண்ணுக்குள் கிடந்து மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பூக்கிறது. விளம்பரங்களில் வரும் படங்கள் அப்படிப்பட்ட ஊர்களில் எடுத்தவை. ஊட்டியில்கூட இரவில் உறைபனி விழுந்தாலும் பகலில் வெயில் ஏறிவிடுகிறது. டியூலிப் கேட்கும் தொடர் குளிர் அங்கும் முழுதாகக் கிடைப்பதில்லை.

ஃபிரிட்ஜ் குளிர் போதாதா என்று கேட்கலாம். போதும், ஆனால் காலக்கணக்கு ஒத்துவர வேண்டும். பொங்கலுக்குப் பிறகு உள்ளே வைத்த கிழங்குக்கு 12 வாரம் முடியும்போது ஏப்ரல் பாதி ஆகிவிடும். அதை வெளியே எடுத்து நட்டால் கத்திரி வெயிலில்தான் முளைக்கும். 25 டிகிரிக்கு மேல் போனாலே டியூலிப்பின் தண்டு குட்டையாகி மொட்டு காய்ந்துவிடும். ஆகவே அந்தப் பத்துக் கிழங்குக்கு இந்த ஆண்டு வழியில்லை. உறையில் 'முன்பே குளிரூட்டப்பட்டது' என்று அச்சிட்டிருந்தால் மட்டும், இன்றே எடுத்து வீட்டிலேயே அதிகக் குளிர்ச்சியான இடத்தில் நட்டுப் பார்க்கலாம்.

ஆசை விடவில்லை என்கிறவர்கள், ஓசூர், ஏற்காடு, கொடைக்கானல் மாதிரி இரவு குளிரும் ஊரில் இருந்தால், ஐந்தாறு கிழங்கோடு விளையாடிப் பார்க்கலாம். அக்டோபர் முதல் வாரத்தில் வாங்கி, காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, ஜனவரி தொடக்கத்தில் நட வேண்டும். அதே ஃபிரிட்ஜில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். அப்படிப் பூத்தாலும் ஒரு முறைதான். நம் வெப்பத்தில் அந்தக் கிழங்கு மறு ஆண்டுக்குத் தேறாது. ஆண்டுதோறும் புதுக் கிழங்கு வாங்க வேண்டிய பயிரைக் கடன் வாங்கி வளர்ப்பதில் அர்த்தமில்லை.

இன்னொரு மோசடியும் நடக்கிறது. 'டியூலிப் விதை' என்று பொட்டலம் விற்கிறார்கள். குளிர்நாட்டிலேயே டியூலிப் விதையிலிருந்து பூ வர ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் ஆகும். நீல டியூலிப் படம் போட்ட பொட்டலத்தைக் கையால் தொடவே வேண்டாம். உண்மையான நீல நிறத்தில் டியூலிப் உலகத்தில் எங்கும் இல்லை.

முதலில் அதை ஃபிரிட்ஜிலிருந்து எடுக்க வேண்டும்

பணத்தைவிட அவசரமான விஷயம் ஒன்று அந்தக் கடிதத்தில் இருக்கிறது. கிழங்குகள் காய்கறித் தட்டில் கிடக்கின்றன. டியூலிப் கிழங்கு தோல் போர்த்த வெங்காயம் மாதிரியே இருக்கும். வீட்டில் வயதானவர்களோ, புதிதாகச் சமைக்கப் பழகும் பிள்ளைகளோ வெங்காயம் என்று நினைத்து நறுக்கிப் போட அதிக நேரம் ஆகாது. டியூலிப்பும் சரி, கீழே சொல்லப்போகும் அமரில்லிஸ், ஃபுட்பால் லில்லி, மழை லில்லி, செங்காந்தள் எல்லாமும் சரி, தின்றால் நஞ்சு. வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கும். வெளிநாடுகளில் நார்சிஸஸ் கிழங்கை வெங்காயம் என்று சமைத்துப் பலர் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

ஆகவே எந்தப் பூக்கிழங்கானாலும் சமையல் அறைக்குள் வரக் கூடாது. 'பூக்கிழங்கு, தின்னக் கூடாது' என்று பெரிதாக எழுதிய பையில், வெங்காயக் கூடையிலிருந்து தள்ளி, உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பையின் மேல் சிவப்புத் துணி கட்டி, வாயாலும் சொல்லி வைக்க வேண்டும். கழித்த கிழங்கை ஆடு மேயும் இடத்தில் எறியக் கூடாது, குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

இப்போது எதை நடலாம்?

வசந்தத்தில் பூக்கும் கிழங்கு வேண்டும் என்றால் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மாசி கடைசியில் வெப்பம் ஏறும்போதும், சித்திரையில் முதல் கோடை மழை விழும்போதும் தானாகவே கண் திறக்கும் கிழங்குகள் அவை. பனிக்குப் பதில் வறட்சியில் ஓய்வெடுப்பவை. அதனால் ஃபிரிட்ஜ் எதற்கும் தேவையில்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் இடம் அமரில்லிஸ். சில வீடுகளில் சும்மா 'லில்லி' என்றே சொல்வார்கள். சிவப்பு நிறத்தில் ஒலிபெருக்கிக் குழாய் மாதிரி விரியும் பூ. மார்ச் முதல் மே வரை பூக்கும். எட்டு அங்குல வாய் உள்ள தொட்டிக்கு ஒரு கிழங்கு போதும். பலர் செய்யும் தவறு முழுக்கப் புதைப்பது. கிழங்கின் மேல் பாதி அல்லது மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். கழுத்தில் மண்ணும் ஈரமும் சேர்ந்தால் அங்கேதான் அழுகல் தொடங்கும்.

ஃபுட்பால் லில்லி பந்து மாதிரிச் சிவந்து பூக்கும். கோடை மழை பெய்த சில நாளில் இலைக்கு முன்னாலோ இலையோடு சேர்ந்தோ பூந்தண்டு எழும்பிவிடும். கழுத்து மண் மட்டத்தில் இருக்கும்படி நட வேண்டும். அரை நிழல் போதும். கார்த்திகை வாக்கில் இதன் இலை முழுக்க மடிந்து தொட்டி வெறுமையாகத் தெரியும். செத்துவிட்டது என்று கொட்டிவிடுகிறவர்கள் நிறைய பேர். உள்ளே கிழங்கு தூங்குகிறது என்பதற்கு ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்தால் போதும்.

மழை லில்லி ஏழைக்கு ஏற்ற பூ. கிழங்கு சின்ன வெங்காயத்தைவிடச் சிறியது. எட்டு அங்குலத் தொட்டியில் பத்துக் கிழங்கை நெருக்கமாக, ஓர் அங்குலம் ஆழத்தில் ஊன்றலாம். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் மூன்றும் உண்டு. சில நாள் காயவிட்டுப் பிறகு நன்றாக நனைத்தால், மழை வந்தது என்று நினைத்துப் பூத்துவிடும். இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. தெருவில் யார் வீட்டிலாவது மண்டிக் கிடக்கும், ஒரு கைப்பிடி கேட்டால் தருவார்கள்.

சம்பங்கி வாசனைக்கும் பூஜைக்கும். சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பக்கம் வயலாக நிற்கும் அதே சம்பங்கிதான். வயலுக்கு ஜூன், ஜூலை பட்டம். தொட்டியில் தண்ணீர் நம் கையில் இருப்பதால் மார்ச்சிலும் நடலாம். 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தோண்டிய உடனே நடாமல் ஒரு மாதம் நிழலில் ஆறவிட்ட கிழங்கே ஒரே சீராக முளைக்கும். 12 அங்குலப் பையில் நான்கு கிழங்கு, மூக்கு மேல் நோக்கி, மேலே ஓர் அங்குலம் மண். மூன்று, நான்கு மாதத்தில் பூந்தண்டு வரும். முழு வெயில் இல்லாத இடத்தில் சம்பங்கி வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று எழுதுவதில் பயனில்லை. தாய்க்கிழங்கு ஒரு முறைதான் பூக்கும், அடுத்த பூ பக்கக் கிழங்குகளிலிருந்து வரும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பிரித்து நட வேண்டும்.

எந்தக் கிழங்கானாலும் வாங்கும்போது விதை வெங்காயத்தை அழுத்திப் பார்ப்பது மாதிரியே பார்க்க வேண்டும். கனமாக, கெட்டியாக இருக்க வேண்டும். அடித்தட்டில் மென்மையோ பூசணமோ கூடாது. கழுத்து இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரித் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. அதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

தொட்டியில் கிழங்கைக் கொல்வது தண்ணீர்

அந்த வாசகியின் ஆறு கிழங்குகள் அழுகியதற்குக் குளிரின்மை காரணமல்ல. தொட்டியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வயலில் தண்ணீர் கீழே இறங்க ஆழம் இருக்கிறது. தொட்டியில் முக்கால் அடிக்குள் நின்றுவிடுகிறது. குதிருக்குள் ஈரம் போனால் தானியம் என்ன ஆகுமோ அதேதான் கிழங்குக்கும்.

பெயிண்ட் வாளி, உடைந்த குடம், சிமென்ட் தொட்டி எதுவானாலும் சரி. அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவில் ஐந்தாறு துளை இருக்க வேண்டும். பெயிண்ட் வாளியைச் சுரண்டிக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று பரவலாக நம்புகிறார்கள். அது பயன் தராது. ஜல்லிக்கு மேலே உள்ள மண் நிறைந்து ததும்பிய பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும். வேருக்குரிய இடம்தான் குறைகிறது. துளையின் மேல் மண் ஒழுகாமல் இருக்க ஓர் ஓட்டுச் சில்லு கவிழ்த்தால் போதும். தொட்டியைத் தரையில் பதியாமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைக்க வேண்டும். துளை தரையோடு ஒட்டினால் துளை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மண்கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. மணல் கிடைக்கவில்லை என்றால் எம்-சாண்டைச் சலித்து, மாவு போகக் கழுவிப் போடலாம். மாவோடு போட்டால் தொட்டி காரை பூசியது மாதிரி இறுகிவிடும். களிமண் நிலத்துக்காரர்கள் தங்கள் வயல் மண்ணை அப்படியே அள்ளிப் போடக் கூடாது. பச்சைச் சாணம் கூடவே கூடாது, அதன் சூட்டில் கிழங்கு வெந்துபோகும். நடும் முன் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து அரை மணி நேரம் கிழங்கை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி நடலாம்.

நட்டதும் ஒரு முறை நன்றாக நனைய ஊற்ற வேண்டும். அதன் பிறகு முளை தெரியும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இதுதான் புதியவர்களுக்குக் கடினம். வேர் விடாத கிழங்கு தண்ணீரைக் குடிக்காது, அதில் ஊறத்தான் செய்யும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, அங்கே காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் ஊற்றலாம். இலை வந்த பிறகு தாராளமாகக் கொடுக்கலாம். மொட்டை மாடியில் கறுப்புப் பை வைத்தவர்கள், பக்கவாட்டில் சாக்கைச் சுற்றி மதிய வெயிலைத் தடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏப்ரலில் மண்ணே கொதித்து வேர் கருகும்.

பூ வாடியதும் தண்டை மட்டும் வெட்ட வேண்டும். இலை அழகாக இல்லை என்று அதையும் சேர்த்து வெட்டுகிறவர்களுக்கு மறு ஆண்டு பூ கிடையாது. அடுத்த பூவுக்கான மாவு அந்த இலையில்தான் தயாராகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒரு முறை ஒரு கைப்பிடி மட்கிய உரம் போதும். யூரியா போட்டால் இலை கொழுக்கும், கிழங்கு இளகும்.

ஐப்பசி அடைமழைக்கு முன்பு தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கெடும் கிழங்குகளே அதிகம். நகர்த்த முடியாத கனமான தொட்டியை ஒரு பக்கம் சாய்த்தாவது வைக்கலாம். மார்கழி, தை இரண்டு மாதம் அமரில்லிஸுக்கும் ஃபுட்பால் லில்லிக்கும் தண்ணீரை அறவே நிறுத்தி, மாசியில் அமரில்லிஸுக்கு மீண்டும் தொடங்கினால் மொட்டு எட்டிப் பார்க்கும்.

லில்லிக் குடும்பம் முழுவதையும் ஒரு புழு தேடி வரும். கறுப்பு உடலில் வெள்ளை, செம்மஞ்சள் புள்ளிகளோடு கூட்டமாக இலையை அரித்து, விட்டால் கழுத்து வரை இறங்கிவிடும். பத்துப் பதினைந்து தொட்டிக்கு மருந்து வேண்டியதில்லை. காலையில் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் தீர்ந்தது.

விற்பனை பற்றி அந்த வாசகி கேட்டதற்கு: 20 தொட்டிப் பூவால் குடும்பச் செலவு ஓடாது. முகூர்த்தத்துக்கு ஏறி மார்கழியில் விழும் பூ விலையை நம்பித் தொட்டியில் சம்பங்கி வளர்ப்பதும் கணக்குக்கு வராது, அதற்கு நிலம் வேண்டும். தொட்டிக்காரருக்குக் காசு கிழங்குப் பெருக்கத்தில்தான் இருக்கிறது. ஐந்து அமரில்லிஸ் தாய்க்கிழங்கு இருந்தால் பக்கக் கிழங்குகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். அவற்றைப் பிரித்து இரண்டு மூன்று ஆண்டு வளர்த்து, மார்ச்சில் மொட்டு தெரியும் நேரத்தில் தொட்டியோடு விற்றால் வாங்க ஆள் உண்டு. மெதுவாகப் போகும் வேலை. ஆனால் வட்டி கட்ட வேண்டியதில்லை.

மற்ற கேள்விகள்

"மூன்று வருடமாக அமரில்லிஸ் இலை மட்டும் விடுகிறது. என்ன காரணம்?" பட்டுக்கோட்டை வாசகர் ஒருவர்.

மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். தொட்டி நிழலில் இருக்கலாம், காலை வெயில் நாலு மணி நேரமாவது வேண்டும். மார்கழியில் தண்ணீரை நிறுத்தாமல் இருந்திருக்கலாம். அல்லது ஒரே தொட்டியில் குட்டிக்கிழங்குகள் நெருங்கித் தாயின் பங்கைத் தின்றுகொண்டிருக்கலாம். பூக்காலம் முடிந்ததும் பிரித்து, பெரியதைத் தனியாக நட வேண்டும். ஆண்டுதோறும் தொட்டி மாற்றவும் கூடாது, வேர் கலைந்தால் ஒரு பருவப் பூ போய்விடும்.

"செங்காந்தளைத் தொட்டியில் வளர்க்கலாமா? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது." மூலனூர் வாசகி.

வளரும். 'V' வடிவக் கிழங்கைப் பதினெட்டு அங்குலத் தொட்டியில் ஜூன், ஜூலையில் படுக்கை வாக்கில் நட்டு, பற்றி ஏறக் கம்பி கொடுத்தால் புரட்டாசி, ஐப்பசியில் பூக்கும். ஆனால் அந்த வீட்டில் இப்போது வேண்டாம். மாநில மலர் என்ற பெருமை இருந்தாலும் கிழங்கு, விதை, இலை எல்லாவற்றிலும் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். அது கொஞ்சம் அடங்குவது போலத் தெரிந்த பிறகுதான் உள்ளுறுப்புகள் பழுதாகும். அதனால் வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வயல் செங்காந்தள் வைத்திருக்கும் குடும்பங்களும் விதைக் கிழங்கைக் குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். தின்ற கிழங்கின் மிச்சத்தையும் ஒரு பையில் கட்டிக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.